கிள்ளுவது, உருவுவது, ஊற்றுவது: ஒன்று முதல் மூன்று வயது வரை வீட்டிலேயே மாண்டிசோரி விரல் பயிற்சி

மாண்டிசோரி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது விலைப்பட்டியல்தான். மர உருளைகள், பூட்டுப் பலகை, வண்ணப் பந்துகள், அவற்றை அடுக்க ஒரு மர அலமாரி. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இவற்றை வாங்காவிட்டால் ஏதோ குறை வைத்துவிட்டதாகப் பெற்றோருக்குத் தோன்றிவிடும். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி திறந்த முதல் பள்ளியோ ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது. கை கழுவுவதும் பொத்தான் போடுவதும் இடத்தைத் துடைப்பதும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே இருந்தன.

இந்த முறை நம் ஊருக்குப் புதியதும் அல்ல. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று ஆசிரியர் பயிற்சி நடத்த அடையாறு வந்தார் மாண்டிசோரி. சில மாதங்களில் திரும்புவதாக இருந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதால், பிரிட்டிஷ் ஆட்சியின் கண்ணில் அவர் எதிரி நாட்டுக் குடிமகள் ஆனார். அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. கை வழியாகவே குழந்தையின் அறிவு வளர்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கைக்கு வேண்டிய வேலை நம் அடுப்படியில் ஏற்கெனவே கிடக்கிறது. அதைக் குழந்தையின் அளவுக்குச் சுருக்கித் தருவதும், தந்த பிறகு நம் கையை விலக்கிக்கொள்வதும்தான் பெரியவர்கள் பழக வேண்டியவை. இரண்டாவதுதான் கடினம்.

எந்த வயதில் விரல் எதைச் செய்யும்

ஒன்பது, பத்து மாதங்களில் குழந்தை கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளி எடுக்கத் தொடங்கும். அதற்கு முன் முழு உள்ளங்கையால் வாரித்தான் எடுக்கும். ஒன்றேகால் வயதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டைகளை வைக்கும். ஒன்றரை வயதில் கிறுக்கும், கரண்டியால் சாப்பிட முயலும். இரண்டரை வயதில் மூடியைத் திருகித் திறக்கும், புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டும். மூன்று வயதில் பெரிய மணிகளைக் கோக்கும். கிரேயானை விரல் நுனிகளில் பிடிப்பது நான்கு வயதை ஒட்டித்தான் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை முஷ்டியால் கிரேயானைப் பிடித்தால் விரலைப் பிரித்துத் திருத்தாதீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில் உள்ள வயதுகள், நான்கில் மூன்று குழந்தைகளாவது எட்டிவிடும் வயதுகள்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை முந்திக்கொண்டது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. விரலுக்கு வலு தோளிலிருந்து முழங்கை, மணிக்கட்டு வழியாகத்தான் வருகிறது. தரை துடைத்து, வாளியைத் தூக்கி, துணியைப் பிழிந்து பழகாத கையிடம் இடுக்கியைக் கொடுத்து மணி பொறுக்கச் சொன்னால் குழந்தை எரிச்சல்படும். எந்தச் செயலையும் வயதைப் பார்த்து மட்டும் தொடங்காமல், அதற்கு முந்தைய செயல் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

தொடங்கும் முன் ஒதுக்க வேண்டியவை

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. வீட்டில் அந்த உருளை இருக்காது. உங்கள் கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வளையமாக்குங்கள். அது சற்றுப் பெரிதாகவே இருக்கும், அதனால் பாதுகாப்பானது. அந்த வளையத்துக்குள் நுழையும் பொருள் விளையாட்டுக்கு வேண்டாம். கேரம் காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. என்பதால் பெரும்பாலும் உருளைக்குள் அடங்கிவிடும். 4 செ.மீ.-ஐத் தாண்டும் ஸ்டிரைக்கர் அடங்காது.

புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, கொட்டைப்பாக்கு, வேர்க்கடலை ஆகியவற்றை மூன்று வயது வரை மறந்துவிடுங்கள். குன்றிமணியையும் ஆமணக்கு விதையையும் எந்த வயதிலும் குழந்தையின் கையில் தர வேண்டாம். இரண்டுமே கடித்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்தான நஞ்சு. பழைய பல்லாங்குழிப் பெட்டிகளில் குன்றிமணி கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பொருள் தொண்டையில் சிக்கி, இருமவோ அழவோ முடியாமல் போனால், ஒரு வயதைக் கடந்த குழந்தையை முன்பக்கமாகச் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்க இன்னொருவரிடம் சொல்லுங்கள். இதைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ளாமல், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நீர் விளையாட்டு முடிந்ததும் வாளியையும் கிண்ணத்தையும் கவிழ்த்துவிடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் நீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும். கீழே சொல்லும் எல்லாமே நீங்கள் அருகில் உட்கார்ந்திருக்கும்போது செய்பவை.

தடுக்கு, தாம்பாளம், தாழ்வான இடம்

ஒரு தடுக்கு அல்லது சிறிய கோரைப்பாய், விளிம்புள்ள சிறு தாம்பாளங்கள் மூன்று அல்லது நான்கு, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரித் தட்டு. இவை போதும். ஒரு தாம்பாளத்தில் ஒரே ஒரு வேலைக்கான பொருள்கள் மட்டும் இருக்க வேண்டும். விளிம்பு இருப்பதால் சிந்தியது சிதறாது. தடுக்கை விரித்தால் வேலை தொடங்கும், சுருட்டினால் முடியும். இந்த எல்லை ஒன்றரை வயதிலேயே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும்.

பாத்திரங்கள் மெய்யானவையாகவும் சிறியவையாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் சமையல் செட்டில் ஊற்ற எதுவும் இல்லை, கனமும் இல்லை. எவர்சில்வர் கீழே விழுந்தாலும் உடையாது. ஆனால் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் ஊற்றும் வேலைக்கு மட்டும் தடித்த சிறு கண்ணாடி டம்ளரையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு வயதுக்குப் பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கையில், அது ஒன்றும் விபரீதம் இல்லை.

காட்டும் முறை

பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடும் பகுதி இது. பொருள்களை எடுத்து வைத்துவிட்டு “செய்டா கண்ணா” என்றால் குழந்தை தாம்பாளத்தைக் கவிழ்க்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் குழந்தைக்கு வலப்பக்கம் உட்காருங்கள். உங்கள் கை குழந்தையின் பார்வையை மறைக்காது. என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “கரண்டியால் மாற்றப் போகிறோம்.” அதற்குப் பிறகு பேச்சு கூடாது. நீங்கள் பேசினால் குழந்தை உங்கள் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது.

வழக்கமான வேகத்தில் பாதிக்கும் குறைவாகச் செய்யுங்கள். கடினமான இடத்தில் ஒரு கணம் நிறுத்துங்கள். கரண்டியைப் பிடிக்கும் மூன்று விரல்கள், தானியத்துக்குள் அது நுழையும் கோணம், தூக்கியதும் ஆடாமல் நிற்பது, மறு கிண்ணத்தின் மேல் வந்ததும் மணிக்கட்டைத் திருப்புவது ஆகிய நான்கும் குழந்தைக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இடமிருந்து வலமாக மாற்றுங்கள். பிற்காலத்தில் எழுத்து நகரும் திசையும் அதுதான்.

வேண்டுமென்றே இரண்டு, மூன்று தானிய மணிகளைச் சிந்துங்கள். அவற்றைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக் கிண்ணத்தில் போடுங்கள். சிந்தியதைப் பொறுக்குவது தண்டனை இல்லை, வேலையின் ஒரு பாகம் என்று குழந்தைக்குப் புரியும். உண்மையைச் சொன்னால், கரண்டி வேலையைவிட இந்தப் பொறுக்கும் வேலையில்தான் விரலுக்குப் பயிற்சி அதிகம்.

கடைசியாக “இப்போது நீ” என்று சொல்லிவிட்டு, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தவறாகப் பிடிக்கும், பாதியைக் கொட்டும். கையை நீட்டாதீர்கள். “அப்படி இல்லை” என்றும் சொல்லாதீர்கள். மறுநாள் மீண்டும் ஒருமுறை மெதுவாகக் காட்டுங்கள். பொருளே தவறைச் சொல்லிக்கொடுக்கும்படி அமைக்க வேண்டும் என்பது மாண்டிசோரியின் கொள்கை. தாம்பாளம் நனைந்தால் அதிகமாக ஊற்றிவிட்டோம் என்று குழந்தைக்கே தெரிந்துவிடும்.

ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரை

போடுவதும் எடுப்பதுமே இந்த வயதின் பேராவல். பால் பவுடர் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் எலுமிச்சை நுழையும் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். பெரிய எலுமிச்சையாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது டப்பாவில் ஸ்டிரைக்கர் நுழையும் நீளக் கீறல். வட்டத்தில் போடக் கையைத் திறந்தால் போதும், கீறலில் நுழைக்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் இடையே சில வாரங்கள்கூட ஆகலாம். உலோக வளையல்களைச் செங்குத்தாக நிற்கும் ஒரு தடித்த குச்சியில் மாட்டுவதும் இதே வகை. கண்ணாடி வளையல் வேண்டாம்.

கறிவேப்பிலை உருவுவது எனக்கு மிகவும் பிடித்த முதல் வேலை. ஒரு கையால் காம்பைப் பிடித்து, மறு கையால் இலையைக் கிள்ள வேண்டும். இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்யும் இந்த ஒத்துழைப்பைக் கடைப் பொம்மைகள் இவ்வளவு எளிதாகத் தருவதில்லை. அன்றைய தாளிப்புக்கே அந்த இலையைப் போடுங்கள். தான் உருவிய இலை சட்னியில் மிதப்பதைக் காட்டினால் மறுநாள் தானாகவே வந்து உட்காரும். ஒரு கண் மட்டும் அதன் வாய் மேல் இருக்கட்டும்.

ஸ்பாஞ்ச் பிழிவதும் இந்தக் காலத்தில்தான். இரண்டு கிண்ணங்கள், ஒன்றில் இரண்டு விரற்கடை நீர். நனைத்து எடுத்து மற்றதில் பிழிய வேண்டும். முஷ்டிக்கு வலு சேர்க்க இதற்கு நிகர் இல்லை. குழந்தை ஸ்பாஞ்சைக் கடித்துப் பிய்க்கும் ரகமானால் சிறு பருத்தித் துணியைக் கொடுங்கள்.

ஒன்றரை வயதுக்கு மேல்: மாற்றுவதும் ஊற்றுவதும்

முதலில் கையால் மாற்றுவது, அடுத்து பெரிய கரண்டி, பிறகு சிறிய கரண்டி, கடைசியில் இடுக்கி. தானியத்துக்குப் பச்சரிசி ஏற்றது. பட்டாணி, மொச்சை, கொண்டைக்கடலை வேண்டாம். மூக்கில் போட்டுக்கொண்டால் ஊறிப் பருத்துவிடும். “அரிசியை இறைக்கலாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓர் ஆழாக்கு அரிசியை இதற்கென்று தனி டப்பாவில் வைத்து மீண்டும் மீண்டும் அதையே பயன்படுத்துங்கள். பழையதானதும் பறவைகளுக்குப் போடலாம்.

அரிசியை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் கொட்டப் பழகிய பிறகே நீர். ஒரே அளவுள்ள இரு பாத்திரங்கள், அவற்றில் ஒன்றுக்கு மூக்கு இருந்தால் எளிது. கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடை இதற்கு அருமையாக உதவும். கொள்ளளவு சிறியது, மூக்கு நீளமானது, எவ்வளவு சிந்தினாலும் ஒரு துடைப்பில் போய்விடும். அதற்கு அடுத்தது மூக்குள்ள சிறு கூஜா. டம்ளரின் வெளிப்புறம் ஒரு வண்ண ரப்பர் வளையத்தை மாட்டி, “இதுவரை” என்று காட்டுங்கள். குறிப்பிட்ட அளவில் நிறுத்துவது ஊற்றுவதைவிடக் கடினம், அதற்குக் கண்ணும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தாம்பாளத்தின் ஓரத்தில் எப்போதும் மடித்த துணி ஒன்று இருக்கட்டும். முதல் முறை நீங்கள் காட்டும்போதே துடைத்துக் காட்டிவிடுங்கள். இந்தப் பயிற்சியில் தேறிய குழந்தையைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் நீர் ஊற்றச் சொல்லலாம்.

இரண்டு வயதை ஒட்டி, திறந்து மூடும் பாத்திரங்கள்: தூக்குவாளி, சம்புடம், திருகுமூடி போட்ட அகலவாய்ச் சாடி. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பொருளை ஒளித்து வையுங்கள். தண்ணீர் பாட்டில் மூடி தொண்டையில் சிக்கும் அளவு, அதைத் தவிருங்கள்.

அடுப்படியில்

வாழைப்பழத் தோலின் நுனியை நீங்கள் கீறிவிட்டால், மீதியை ஒன்றரை வயதுக் குழந்தையே உரித்துவிடும். வேகவைத்து ஆறிய முட்டையை உரிப்பது இரண்டு வயதுக்கு. கழுவிக் காயவைத்த முட்டை ஓட்டைச் சின்னக் கல்லுரலில் இடித்துச் செடிக்குப் போடச் சொல்லலாம். ஓசையே பாதிச் சுகம். முருங்கைக்கீரை உருவுவது கறிவேப்பிலைக்கு அடுத்த படி, ஏனெனில் இலை மிகச் சிறியது.

மாவு பிசைவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிடிகொழுக்கட்டையை யாரும் சொல்வதில்லை. மாவு நன்றாக ஆறியதும் ஓர் உருண்டையைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, முஷ்டியை இறுக்கித் திறக்கச் சொல்லுங்கள். நான்கு விரல்களும் பதிந்த கொழுக்கட்டை கிடைக்கும். மிகவும் இறுக்கினால் மாவு விரலிடுக்கில் பிதுங்கும், இறுக்காவிட்டால் உதிரும். எவ்வளவு அழுத்தம் போதும் என்று கை தானே கற்றுக்கொள்கிறது. வெந்து வந்த பிறகு எது யாருடைய கொழுக்கட்டை என்பதும் தெரியும்.

சாப்பாட்டுத் தட்டும் இந்தக் கணக்கில் சேரும். பருப்புச் சோற்றைப் பிசைந்து, ஐந்து விரல் நுனிகளால் கூட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவது நாளுக்கு மூன்று வேளை கிடைக்கும் இலவசப் பயிற்சி. இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசியைக் காட்டி ஊட்டிவிட்டு, பிறகு விரல் பயிற்சிக்குப் பொம்மை வாங்குவது வேடிக்கையான ஏற்பாடு. தரையில் செய்தித்தாளை விரித்து, தட்டில் கொஞ்சமாகப் போட்டுக் கொடுங்கள். வயிறு நிறையவில்லை என்று தோன்றினால் கடைசி நான்கு வாயை ஊட்டிவிட்டுப் போங்கள், குடி முழுகாது.

இரண்டரை முதல் மூன்று வயது வரை

துணிக் கிளிப்பை அழுத்தித் திறப்பதற்கு இரு விரல் வலு வேண்டும். முதலில் அட்டை விளிம்பில் மாட்டட்டும். வந்துவிட்டால் இடுப்புயரத்தில் ஒரு கயிறு கட்டி, கைக்குட்டைகளைக் காயப்போடும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். கட்டிய கயிற்றை வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், கழுத்தில் சிக்கும். கோப்பதற்கு வளையல்களும் நுனியில் டேப் சுற்றி விறைப்பாக்கிய தடித்த சணலும் போதும். மணிகள் மூன்று வயதுக்குப் பிறகு. செய்தித்தாளை நீளவாக்கில் கிழிக்கச் சொல்லுங்கள். நன்றாகக் கிழிக்கத் தெரிந்த பிறகு மழுங்கிய முனைக் கத்தரிக்கோலும் ஒரு விரற்கடை அகலக் காகித நாடாவும் கொடுங்கள், ஒரே வெட்டில் துண்டாகும்படி. பொத்தானுக்கு, அப்பாவின் பழைய சட்டையைத் தலையணைக்கு மாட்டிவிட்டால் தன் உடம்பில் போடுவதற்கு முன் பழகிக்கொள்ளும்.

மூன்று வயதை நெருங்கும்போது கோலப்பொடியைக் கிள்ளித் தூவ விடலாம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் உரசி மாவை விடும் அந்த அசைவுக்கும் பென்சில் பிடிக்கும் அசைவுக்கும் அதிகத் தொலைவில்லை. கல்மாவு வேண்டாம், அரிசி மாவே சரி. கோடு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், புள்ளி விழுந்தாலே பெரிது.

வரக்கூடிய தொல்லைகள்

தூக்கி எறிந்தால்: ஒருமுறை “இது எறிவதற்கு இல்லை” என்று சொல்லுங்கள். மீண்டும் எறிந்தால் தாம்பாளத்தை அமைதியாக எடுத்து வைத்துவிட்டு, எறிவதற்கென்று பந்தைக் கொடுங்கள். பெரும்பாலும் வேலை மிக எளிது அல்லது மிகக் கடினம் என்பதன் அறிகுறி அது. அரை நிமிடத்தில் எழுந்து போனால் போகட்டும், அரை நிமிடமும் கணக்குதான். ஒரே வேலையை விடாமல் இருபது தடவை செய்தால் நடுவில் புகுந்து “சபாஷ்” சொல்லாதீர்கள். பாராட்டும் ஓர் இடையூறே. தாத்தா பாட்டி உள்ள வீட்டில் இதை நடைமுறைப்படுத்துவது சுலபம் இல்லை என்பதையும் அறிவேன்.

அலமாரித் தட்டில் நான்கு வேலைகளுக்கு மேல் வைக்க வேண்டாம். சில நாட்கள் தொடாமல் கிடப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள்.

இடது கையால் எடுத்தால் தட்டிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எந்தக் கை முதன்மையானது என்பது பொதுவாக இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் உறுதிப்படும். பொருளைக் குழந்தைக்கு நேர் எதிரே, நடுவில் வையுங்கள். எந்தக் கை நீளுகிறதோ நீளட்டும்.

அதே சமயம், ஒரு வயது ஆவதற்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினால், கை எப்போதும் மூடியே இருந்தால், ஒன்றரை வயதிலும் கிள்ளி எடுக்க வராவிட்டால், முன்பு செய்த ஒன்றை இப்போது செய்யாமல் விட்டுவிட்டால், வீட்டுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது அன்றாடச் செயல்களுக்கான திறன்களைப் பயிற்றுவிக்கும் சிகிச்சையாளரிடம், அனுப்புவார். இதற்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசுத் தரப்பிலும் மாவட்ட அளவில் இயங்குகின்றன. போகும்போது குழந்தை சாப்பிடுவதையும் பொருள்களை எடுப்பதையும் பதிவுசெய்த இரண்டு, மூன்று சிறு வீடியோக்களைக் கொண்டுபோங்கள். புது இடத்தில் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் குழந்தை, மருத்துவர் முன் எதையும் செய்து காட்டாது.